செருப்பு மாட்டும் நேரம்

தாத்தா,

இன்று காலை கிளிகளுக்குக் குளிப்பு. செல்வி கிளிப்படம் போட்ட திரையைக் கழற்றி வாளியில் ஊறப்போட்டு, ஒரு தடவை கசக்கிவிட்டு, சொட்டச் சொட்ட என் மேசைக்கு முன்னால் தூக்கிப் பிடித்தாள். நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் கிழிந்திருந்தது.

"டொக்டர், இது இனிமே தாங்காதுங்க. தொவைச்சா நூலு நூலா கையோட வருது. தூக்கிப் போட்டுட்டு நல்லதா ஒண்ணு வாங்கிப்புடுவோம்."

செல்வியை உங்களுக்குத் தெரியும். தெல்தோட்டையில் என் டிஸ்பென்சரிக்கு நான் டொக்டர், அவள் அரசாங்கம். அவள் சொன்னால் நான் தலையாட்டுவதுதான் வழக்கம். இன்று ஆட்டவில்லை. "வேணாம், தைச்சுப் போடு" என்றேன். என் குரலில் என்ன இருந்ததோ, அவள் மறுபேச்சில்லாமல் திரையை முறுக்கிப் பிழிந்தாள். சவர்க்கார நுரைக்குள்ளிருந்து ஒரு கிளி தலைகீழாக என்னைப் பார்த்தது. பார்த்தது என்றும் சொல்ல முடியாது. அச்சில் பிசகிக் கண் இல்லாமல் போன கிளி அது.

அது என்னைப் பார்க்காததால்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன் என்று நினைக்கிறேன்.

தாத்தா என்று உங்களைக் கூப்பிடத் தொடங்கிய நாளிலேயே ஊர் சிரித்தது. எங்கள் தேயிலைத் தோட்டப்புறத்தில் தாத்தா என்றால் பொல்லூன்றி வருகிற பாட்டன். உங்கள் முஸ்லிம் வீடுகளில் தாத்தா என்றால் மூத்த சகோதரி. "என்னை டொக்டர் கிக்டர் எண்டு கூப்பிடாதீங்க தம்பி. தாத்தா எண்டே செல்லுங்க, உங்களுக்கு நான் மூத்தவதானே" என்றீர்கள் முதல் நாள். நானும் பணிவாக அழைத்தேன். அதைக் கேட்டுக்கொண்டிருந்த சிங்கள மருத்துவமாது கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு உங்களை மேலும் கீழும் பார்த்தாரே! அவர் பாஷையில் நான் உங்களை 'அப்பா' என்றல்லவா கூப்பிட்டிருக்கிறேன். அந்த அம்மா கடைசிவரை என்னைச் சற்று அனுதாபத்தோடுதான் நடத்தினார்.

தம்பி என்றீர்களே, அந்தத் தம்பிக்கு அப்போதே நாற்பத்தைந்து தாண்டி, தொப்பையும் விழுந்திருந்தது. குடும்ப வைத்தியர்களாக வரப்போகிறவர்களுக்கான பட்டயப் படிப்பில் மற்றவர்கள் எல்லாம் புதுக் கல்யாணக்காரர்கள். நீங்களும் நானும் மட்டும் வாசிப்புக் கண்ணாடியோடு பின் வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தோம். நம்மைப் 'பெற்றார் சங்கம்' என்று அவர்கள் பட்டம் வைத்தது உங்களுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். தெரியும் என்று பிறகு சொன்னீர்கள். சங்கத்தின் தலைவி நீங்கள், பொருளாளர் நான் என்பதுவரை தெரிந்து வைத்திருந்தீர்கள்.

கண்டியில் அந்தப் பெண்கள் சிகிச்சை நிலையத்துக்குப் பயிற்சிக்குப் போகும்வரை பெண்கள் நோய் பற்றி எனக்கிருந்த நிபுணத்துவம் ஒரே ஒரு வாக்கியம்: "கண்டிக்குப் போய் பெரிய டொக்டரக் காட்டுங்கம்மா." தெல்தோட்டையிலிருந்து கண்டிக்கு, கலஹா வளைவுகளில் குலுங்கும் பஸ்ஸில், இடுப்புவலிக்காரி எப்படிப் போவாள் என்று யோசித்ததில்லை. பெரும்பாலும் அவர்கள் போவதில்லை என்பதும் தெரியாது. அந்த விஷயத்தில் நான் ஒரு பஸ் கண்டக்டர்தான். இடத்தின் பெயரைச் சொல்வேன், அவ்வளவு.

நமக்குப் படிப்பித்த நிபுணர் யாழ்ப்பாணத்துப் பெண். நம்மைவிடப் பத்து வயது குறைவு. நாக்கு மட்டும் மூத்தது. முதல் நாள் ஒரு பிளாஸ்டிக் உருவத்தை மேசையில் வைத்தார். இடுப்பு மட்டும்தான், தலையும் கிடையாது காலும் கிடையாது. தாரா மூக்கு மாதிரி இரண்டாக விரியும் அந்தக் கருவியை என் கையில் கொடுத்துச் செய்துகாட்டச் சொன்னார். நான் மணிக்கூட்டைத் திருத்துகிறவன் போல் குனிந்தேன்.

"நில்லுங்கோ. முதல் அவவிட்டக் கேளுங்கோ."

"இதுக்குத் தலையே இல்லையே டொக்டர்?"

"ஓம், தலை இல்லைத்தான். உங்களுக்கும் இருக்கிற மாதிரித் தெரியேல்லை."

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. நான் அந்தப் பிளாஸ்டிக்கைப் பார்த்து, "வணக்கம்மா, பரிசோதிக்கலாமா?" என்றேன். பின்னாலிருந்து ஒரு கிழவிக் குரல் நடுங்கி நடுங்கி வந்தது: "பாருங்க ராசா. ஆனா கைய சூடாக்கிட்டுப் பாருங்க." நீங்கள்தான். நிபுணர்கூடப் புன்னகைத்துவிட்டார். அன்றிலிருந்து அந்த உருவத்துக்கு நீங்கள்தான் குரல். யாராவது கருவியைக் குளிரக் குளிர எடுத்தால் "அல்லாஹ்வே!" என்று அலறுவீர்கள். இன்றும் நான் அதைச் சுடுநீரில் வைத்து, கையிலே தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறேன். எங்கிருந்தாவது அந்த அலறல் வந்துவிடுமோ என்ற பயம்தான் காரணம். வராது என்பது பிறகு நினைவு வரும்.

பிறகு அந்தக் கட்டில் விவகாரம். உங்கள் யோசனைதானே அது? "பொம்புளயள ஏறச் செல்றோம், படுக்கச் செல்றோம், கால விரிக்கச் செல்றோம். நீங்க ஒருக்கா ஏறிப் பாருங்களேன்." வகுப்பிலுள்ள ஆண்கள் எல்லாரும் ஒவ்வொருவராக உடுப்போடுதான், மேலே ஒரு விரிப்பும் போர்த்திக்கொண்டு, அந்தப் பரிசோதனைக் கட்டிலில் கால்களைத் தாங்கிகளில் வைத்துப் படுக்க வேண்டும். என் முறை வந்தபோதுதானா தேநீர் வாளியோடு அந்தச் சிற்றூழியர் கதவைத் திறக்க வேண்டும்! அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். "டொக்டருக்குச் சீனி போடவா?" என்று சிங்களத்தில் கேட்டார். போடச் சொன்னேன். வேறு என்ன செய்வது?

எல்லாரும் சிரித்து முடித்த பிறகு நீங்கள் மட்டும் சிரிக்காமல் கேட்டீர்கள்: "என்ன தெரிஞ்சிச்சு தம்பி?"

"கூரையில கறை தெரிஞ்சிச்சு."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல தாத்தா. பார்க்கிறதுக்கு ஒண்ணுமே இல்ல. அதுதான் கஷ்டமா இருந்துச்சு."

நீங்கள் தலையை ஆட்டினீர்கள். அந்தப் பதிலை எங்கேயோ பத்திரமாக வைத்துக்கொண்டீர்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

இனிச் செருப்புக்கு வருகிறேன். காலஞ்சென்ற ஒருவருக்கு எழுதும் மடலில் செருப்பைப் பற்றி எழுதுகிறாயே, உனக்கு மரியாதை தெரியாதா என்று ஊர்ப் பெரியவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். உங்களை நினைத்தால் எனக்குச் செருப்புத்தான் முதலில் வருகிறது.

அந்தச் சிகிச்சை நிலையத்தில் செருப்பை வெளியே கழற்றச் சொல்லி எவரும் சொல்லவில்லை. எங்கள் சனம் தானாகவே கழற்றிவிட்டு வரும். கோயிலுக்கும் டொக்டருக்கும் ஒரே மரியாதை. இரண்டிடத்திலும் கேட்டது கிடைப்பதில்லை என்பது வேறு கதை. ஒருநாள் மடுல்கெல்லப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். தலைவலி, கால் உளைச்சல், சாப்பாடு இறங்கவில்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கேட்டதையெல்லாம் கேட்டு, எழுத வேண்டியதை எழுதிக் கொடுத்தீர்கள். அவள் எழுந்து போனாள். நீங்களும் எழுந்து அவள் பின்னாலேயே போனீர்கள். நிபுணரின் கண் சுவர் மணிக்கூட்டுக்குப் போனது. வெளியே அறுபது பேர் இருமிக்கொண்டிருக்க, இந்த அம்மா நோயாளியை வழியனுப்பப் போகிறாரா என்று.

வாசலில் அந்தப் பெண் ஒரு செருப்பைக் காலில் நுழைத்தாள். மற்றச் செருப்பைத் தேடுகிற மாதிரித் தேடினாள். அது அவள் காலடியிலேயே கிடந்தது. நீங்கள் நிலைப்படியில் சாய்ந்துகொண்டு, அவசரமே இல்லாத குரலில், "வேற ஒண்டு ஈக்கா? செல்லுங்க" என்றீர்கள். உங்கள் சோனகப் பேச்சில் 'இருக்கா' என்பது 'ஈக்கா', 'சொல்லுங்க' என்பது 'செல்லுங்க'.

அவள் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "கொழுந்துக் கூடைய தூக்கையில கீழ என்னமோ எறங்குதுங்கம்மா. கையால தள்ளி விட்டுக்கிறேன். ரெண்டாவது புள்ளைக்குப் பொறவு இப்புடித்தான்."

ரெண்டாவது பிள்ளைக்கு என்ன வயது என்று கேட்டீர்கள். கல்யாணம் முடித்துவிட்டதாம்.

கருப்பை இறங்கியபடியே ஒரு பிள்ளையை வளர்த்துக் கட்டிக் கொடுத்தும் விட்டாள் அந்த மனுசி. அவளைத் திரும்ப உள்ளே கூட்டிப்போய்க் கட்டிலில் ஏற்றினீர்கள். அன்று தேநீரோடு என்னிடம் சொன்னீர்கள்: "தம்பி, கதிரையில ஈக்கிற நேரம் அவங்க செல்றது நோய் இல்ல, அது நோய்ட மாமியார். நோய் செருப்பு மாட்டுற நேரம்தான் வெளிய வரும். நாம என்ன செய்றம்? அந்த நேரம் அடுத்த ஆளக் கூப்பிடுறம்."

எந்தப் பாடப்புத்தகத்திலும் அது இல்லை. நானும் எழுந்து வாசலுக்குப் போகத் தொடங்கினேன். முதல் வாரம் என்னைப் பார்த்து ஒரு பெண், டொக்டர் தன்னைத் துரத்துகிறார் என்று ஒரு செருப்போடேயே ஓடிவிட்டாள். நின்று கேட்பதற்கும் ஒரு முகம் வேண்டும் என்று நீங்கள் சொன்னீர்கள். என் முகம் கடன் வசூலிக்கிறவனின் முகமாம்.

சனிக்கிழமைப் பிற்பகல்களில் நடிப்பு வகுப்பு. ஒருவர் டொக்டர், ஒருவர் நோயாளி. எப்படிக் கேட்பது, எப்படிச் சொல்வது என்று பழக. நோயாளி வேஷத்தில் உங்களை மிஞ்ச ஆளில்லை. மருமகளைப் பேசவே விடாத மாமி, வெட்கத்தில் மேசையோடு பேசும் புதுப்பெண், எல்லா நோயையும் பக்கத்து வீட்டுக்காரிக்கு வந்ததாகச் சொல்லும் ஆசிரியை. ஒவ்வொருத்திக்கும் ஒரு பெயர் வைப்பீர்கள். வகுப்பறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் 'வருவீர்கள்'. முடிந்ததும் போய், செருப்பை மாட்டுகிற நேரம் திரும்பி, மறைத்து வைத்திருந்த முக்கியமான ஒன்றைச் சொல்லுவீர்கள். எல்லாரும் கைதட்டுவோம். அது உங்கள் முத்திரை.

அந்தச் சனிக்கிழமை டொக்டர் வேஷம் எனக்கு. கர்ப்பத்தடை மாத்திரை கேட்டு வருகிற புதுப்பெண்ணாக நடிக்கும்படி நிபுணர் உங்களுக்குச் சொல்லியிருந்தார், எல்லாருக்கும் கேட்கவே. நீங்கள் வந்து உட்கார்ந்தீர்கள்.

"உங்க பேர் என்னம்மா?"

"பேர் வேணாம், டொக்டர்."

குரல் நடுங்கவில்லை, இழுபடவில்லை. உங்கள் சொந்தக் குரல். மாதவிலக்கு நின்று கன காலம் என்றீர்கள். இப்போது திரும்பவும் இரத்தம் படுகிறது, வயிறு பாரமாக இருக்கிறது என்றீர்கள். நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். நேராகப் பதில் சொன்னீர்கள். எழுந்து போய்ச் செருப்பை மாட்டினீர்கள். திரும்பினீர்கள்.

"மிச்சம் பயமா ஈக்கி, டொக்டர்."

வகுப்பு கைதட்டியது. நிபுணர் மட்டும் திருப்திப்படவில்லை. "இண்டைக்கு நடிப்புச் சரியில்லை. சொன்ன ஆளையும் நடிக்கேல்லை. அதோட நோயாளியள் இப்படி நேராச் சொல்லமாட்டினம்" என்றார். நீங்கள் "சரி டொக்டர்" என்றுவிட்டு வெளியே போனீர்கள். வழக்கமாக வேஷம் முடிந்ததும் முந்தித் தொடங்கும் உங்கள் சிரிப்பு அன்று வரவில்லை. நான் அதற்காகக் காத்திருந்தேன், தாத்தா. அது வராததால்தான் எழுந்து வந்தேன்.

சிற்றுண்டிச்சாலையில் பிளேன்டீயை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தீர்கள்.

"தாத்தா, அது நடிப்பா?"

"நீங்க டொக்டரா நடிச்சீங்க, நான் நோயாளியா நடிச்சேன். முடிஞ்சிது. ரோல்ஸ் ஒண்டு திண்ணுங்க."

"எப்ப இருந்து?"

நீங்கள் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "நோன்புக்கு முந்தி."

"ஹஜ்ஜுப் பெருநாளும் முடிஞ்சு போச்சே தாத்தா!"

"கத்தாதீங்க. எங்கட ஊர் திகனக்கிக் கேக்கும்." பிளேன்டீயைத் தள்ளி வைத்துவிட்டு, "கண்டியில எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் ஒரு நர்ஸ் மிஸ்ஸி எனக்கு சலாம் செல்லுவா. நான் வீடு போய்ச் சேர முந்தி கடத்தெரு முழுக்கப் பேச்சு போய்ச் சேரும். அதையும் உடுங்க. அந்தக் கட்டில்ல உங்க எல்லாரையும் ஏத்திச் சிரிச்சது நான்தானே? இப்ப எனக்கு ஏற ஏலாம ஈக்கி. ஒரு பொம்புள டொக்டருக்கே வெட்கமா எண்டு கேளுங்களேன்."

"நான் கேக்கல."

"கேட்டாச் செல்லுவன். வெட்கம் இல்ல தம்பி."

எனக்கு வாய்வரை வந்தது, "ஒண்ணும் இருக்காது தாத்தா" என்று. அதை நீங்கள்தான் எனக்குத் தடைசெய்திருந்தீர்கள். 'பாக்காம ஒண்டும் இல்ல எண்டு செல்லாதீங்க. அது மருந்து இல்ல, லஞ்சம்.' ஆகவே எனக்குத் தெரிந்த ஒரே வித்தையைக் காட்டினேன். "நான் ஏறினேன்ல தாத்தா? தேத்தண்ணி வாளியோட ஆள் வந்து சீனி போடவான்னு கேட்டுச்சு. அதவிட மோசமா உங்களுக்கு என்னா நடந்துறப் போகுது?"

சிரித்தீர்கள். சிரித்துக்கொண்டே ஸ்கார்ஃப் நுனியால் கண்ணைத் துடைத்தீர்கள். அதைவிட மோசமானது என்னவென்று இரண்டு பேருக்குமே தெரியும். அதனால்தான் நான் அதைச் சொன்னேன், அதனால்தான் நீங்களும் சிரித்தீர்கள்.

அந்தக் கிழமையே பரிசோதனைக்கு வந்தீர்கள். உங்கள் கணவரை நான் நாநா, அதாவது அண்ணன், என்றுதான் அழைப்பேன். அந்த நாநாவுக்கு முதல்நாள்தான் சொல்லியிருக்கிறீர்கள். திகனயில் பத்துக் கடைக்காரரோடு ஒரே நேரத்தில் பேரம் பேசுகிற மனுசன், நடையிலிருந்த வாங்கில் உங்கள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளைபோல் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில். எங்களுக்கு முன்னால், மூடிய கதவுக்கு வெளியே, உங்கள் கபில நிறச் செருப்பு. நீங்களும் கழற்றிவிட்டுத்தான் போயிருந்தீர்கள். நாநா சொன்னார்: "டொக்டர், இவ வீட்டுக்குள்ளயே செருப்பு போடுற ஆள்."

கதவு திறந்தது. நிபுணரும் உங்களோடு வெளியே வந்தார். இரண்டு வருடத்தில் நான் கண்டிராத காட்சி. அவர் நோயாளியோடு வாசலுக்கு வந்ததே இல்லை. நீங்கள் குனிந்து செருப்பை மாட்டும்வரை நின்றார். சுவர் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. பிறகு மெல்லக் கேட்டார்: "வேற ஏதும் இருக்கோ, அக்கா?"

அதுவரை அவர் உங்களை 'டொக்டர்' என்றுதான் அழைத்திருக்கிறார். அந்த 'அக்கா'வில் எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. பரிசோதனை முடிவு பிறகுதான் வந்தது. அது கருப்பைப் புற்று என்று எழுதி வந்தது.

சத்திரசிகிச்சை, பிறகு கதிர்ச் சிகிச்சை, பிறகு நரம்பில் ஏற்றும் மருந்து. இவற்றுக்கு நடுவில் பரீட்சையும் எழுதினீர்கள். என்னைவிடக் கூடிய புள்ளிகளோடு சித்தியடைந்தீர்கள். எனக்கு வயிறு எரிந்தது என்று சொன்னபோது, "எனக்கும்தான் எரியுது, இதுக்கு மருந்து தந்தீக்கிறாங்க" என்றீர்கள். பட்டமளிப்புப் படத்தில் என் வழுக்கை மின்னுகிறது. நீங்கள் என் காதில் சொன்னது: "ஸ்கார்ஃப் போடுற ஆக்களுக்கு இதுல ஒரு வசதி, தம்பி. எனக்கும் உங்களுக்கும் ஒரே தலைதான். நான் மூடிட்டன்."

அதற்குப் பிறகுதான் ஒருநாள் நாநாவின் வேனில் தெல்தோட்டைக்கு வந்தீர்கள், நான் பெண்களுக்கென்று புதிதாக ஒதுக்கியிருந்த அறையைப் பார்க்க. செல்வி பெருமையோடு காட்டினாள். நீங்கள் நேரே கட்டிலில் ஏறிப் படுத்தீர்கள். செல்விக்குப் பகீரென்றது. படுத்தபடியே திரையைக் காட்டினீர்கள். "இது என்ன தம்பி, கட்டச் சாரமா? வெளிய வாங்கில ஈக்கிற ஆளுக்கு என்ட பாதம் தெரியுது. பாதம் தெரிஞ்சா ஊரில ஆரெண்டு தெரியும். ஒருத்தியும் ஏறமாட்டா."

உண்மைதான். அதுவரை ஒருத்தியும் ஏறியிருக்கவில்லை. வெட்கம், படிப்பறிவில்லை என்று நானும் செல்வியும் அவர்களுக்குக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

வேனிலிருந்து ஒரு துணிக்கட்டு வந்தது. ரோசா நிறத்தில் பச்சைக் கிளிகள். நாநாவின் கடையில் வருடக்கணக்காகக் கிடந்தும் திகனயில் ஒரு மனுசனும் வாங்காத துணி. "பெருநாளைக்கு வாற பிச்சைக்காரனும் வேணாமெண்ட துணி, டொக்டர்" என்றார் நாநா. தரைவரை தொங்கும்படி தைத்தே கொண்டுவந்திருந்தீர்கள். "பாக்கிறதுக்கு ஒண்டுமே இல்ல எண்டு செல்லினீங்களே தம்பி. இந்தாங்க. பாக்கட்டும்."

அந்தக் கிளிகளை இன்றுவரை எத்தனை பெண்கள் எண்ணியிருப்பார்கள்! பரிசோதனைக்குப் படுத்திருக்கும்போது, "ஐயா, இந்தக் கிளிக்குக் கண்ணே வைக்கலீங்க" என்று ஒரு கிழவி சத்தமாகச் சொன்னாள். சொல்லும்போது அவள் உடம்பு தளர்ந்ததை என் கை உணர்ந்தது. அன்று உங்களுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள். சிரிப்பின் முடிவில் இருமினீர்கள். இருமல் நிற்க நேரமானது. இரண்டு பேரும் டொக்டர்கள்தானே. நோய் எங்கே பரவியிருக்கிறது என்று இருவருக்கும் தெரிந்தது.

திகன வீட்டுக்குக் கடைசியாக வந்த பிற்பகல் நல்ல வெயில். தலையணை அடுக்கிச் சாய்ந்திருந்தீர்கள். பாதி ஆளாகியிருந்தீர்கள். நான் வாயை மூடவேயில்லை. வகுப்பில் யாருக்கு யாரோடு கல்யாணம், எவன் வெளிநாடு போனான், எந்த டொக்டரின் கார் எந்த வளைவில் கொழுந்து லொறியோடு முத்தமிட்டது என்று கண்டி மாவட்டத்து வம்பு முழுவதையும் கொட்டினேன். நீங்கள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். இடையிடையே "பொய்" என்றீர்கள். பெரும்பாலும் பொய்தான்.

எழும்பி, "போயிட்டு வாறேன் தாத்தா" என்றேன். வாசலுக்குப் போய்ச் சப்பாத்தில் காலை நுழைத்தேன். நாடா கட்டக் குனிந்தேன். குனிந்தவனால் நிமிர முடியவில்லை. கட்டிய நாடாவை அவிழ்த்தேன், திரும்பக் கட்டினேன்.

பின்னால் தரையில் பாதம் இழுபடும் சத்தம். நாநா "ஏன் எழும்பினீங்க, ஏன் எழும்பினீங்க" என்று பதறிக்கொண்டு உங்கள் கையைத் தாங்கி வந்தார். நிலைப்படியில் சாய்ந்து நின்றீர்கள். அவசரமே இல்லாமல்.

"வேற ஒண்டு ஈக்கா, தம்பி? செல்லுங்க."

அவ்வளவு நேரம் பேசியவனுக்கு அதற்குமேல் பொய் இல்லாமல் போய்விட்டது. நாடாவைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "பயமா இருக்கு தாத்தா."

"எனக்கும்" என்றீர்கள்.

பிறகு, நினைவிருக்கிறதா, ஒன்றும் இல்லை என்று நீங்கள் எனக்குச் சொல்லவில்லை. நானும் உங்களுக்குச் சொல்லவில்லை. அந்த வாசலில் அப்படியே நின்றோம். நாநா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு பஸ் போனது. "சரி, பெய்த்து வாங்க. வளைவுல பாத்து ஓட்டுங்க" என்றீர்கள். நிமிர்ந்தேன். உள்ளே ஏதோ ஒரு முடிச்சு அவிழ்ந்திருந்தது. நாடா மட்டும் இரட்டை முடிச்சு. வீட்டுக்குப் போய்க் கத்தரிக்கோலால் வெட்டித்தான் சப்பாத்தைக் கழற்றினேன்.

நீங்கள் போய்விட்டீர்கள் என்ற ஜனாஸா செய்தி வந்து நான் ஓடி வந்து சேர்ந்தபோது, உங்கள் வீட்டு வாசலில் கால்வைக்க இடமில்லை. எல்லாம் செருப்பு. பட்டியறுந்து கம்பி கட்டியது, இரண்டு நிறத்தில் ஒரு சோடி, தோட்டத்துச் சேறு காயாதது. பெண்கள் உள்ளே இருந்தார்கள். அஸர் தொழுகைக்குப் பிறகு உங்களைக் கொண்டுபோனார்கள். நானும் பின்னால் நடந்தேன். தோள் கொடுக்க முன்னால் நடந்த ஒருவர் இடம் விட்டார். நீங்கள் பாரமாகவே இல்லை.

திரும்பி வந்து விடைபெறும்போது வாசலில் ஒரு பெண் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். ஒன்றை மாட்டிவிட்டு மற்றதைத் தேடுகிற மாதிரித் தேடினாள். எனக்கு அவளைத் தெரிந்தது. மடுல்கெல்லப் பெண். சத்திரசிகிச்சைக்குப் பிறகு கூடை தூக்கக்கூடாது என்று நீங்கள் தோட்டத்துக்கு எழுதிக் கொடுத்து, கொழுந்து நிறுக்கும் இடத்தில் வேலை எடுத்துக் கொடுத்தீர்களே, அவள்தான். என்னை அவள் மறக்கவில்லை.

"நீங்க அந்தம்மா பக்கத்துல நின்ன டொக்டரய்யாதானே?" என்றாள். பிறகு செருப்பைப் பார்த்துக்கொண்டே, "இனிமே யாருகிட்டங்க சொல்றது?" என்றாள்.

நான் நிலைப்படியில் சாய்ந்து நின்றேன். என் வாயிலிருந்து என் பேச்சு வரவில்லை. "வேற ஒண்டு ஈக்கா? செல்லுங்க" என்று வந்தது.

அவள் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தாள். பிறகு மகளைப் பற்றிச் சொன்னாள். அந்த மகள்தான், ரெண்டாவது பிள்ளை. அடுத்த கிழமை தெல்தோட்டைக்குக் கூட்டிவந்தாள். மகள் கிளிகளை எண்ணினாள்.

இப்போது தெல்தோட்டையில் எனக்கு ஒரு கெட்ட பெயர் இருக்கிறது, தாத்தா. கோயில் தர்மகர்த்தா செல்வியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாராம்: டொக்டர் ஏன் திடீர் திடீரென்று சோனகப் பேச்சுப் பேசுகிறார், திகனப் பக்கம் ஏதாவது தொடர்பா என்று. செல்வி, "ஆமாங்க, அங்க அவருக்கு ஒரு தாத்தா இருக்காங்க" என்றாளாம். அவர் என் பூர்வீகத்தைப் பற்றி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். என் மனைவியோ, வீட்டுக்கு வருகிற தபால்காரரைக்கூட நான் வாசல்வரை தொடர்ந்து போய் நிற்பதாகக் குறைசொல்கிறாள். நான் என் சொந்தத் தமிழில் கேட்டுப் பார்த்தேன். "வேற ஏதாச்சும் இருக்குங்களா?" என்று. "இல்லீங்க" என்றுவிட்டுப் போய்விடுகிறார்கள். உங்கள் பேச்சில் கேட்டால்தான் நிற்கிறார்கள். என்ன மந்திரமோ. ஒருவேளை, அதைக் கேட்கும்போதுதான் என் முகம் கடன் வசூலிப்பவனின் முகமாக இல்லையோ என்னவோ.

செல்வி கிழிசலைத் தைத்துவிட்டாள். தையல் சரியாகக் கண்ணில்லாத கிளியின் குறுக்கே போகிறது. அது இப்போது கண்ணைச் சுருக்கிச் சிரிக்கிற மாதிரித் தெரிகிறது. திரை இன்னும் ஈரம். இருந்தாலும் மாட்டச் சொல்லிவிட்டேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு பெண் வந்தாள். இருமலாம். நெஞ்சைப் பார்த்தேன், மருந்து எழுதினேன். செல்வி மருந்தைக் கட்டிக் கொடுத்தாள். நன்றி சொல்லிவிட்டுப் போய், வாசலில் ஒரு செருப்பை மாட்டிவிட்டாள். மற்றச் செருப்பு காலடியில்தான் கிடக்கிறது. அவள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள்.

பேனையை வைக்கிறேன், தாத்தா. எழும்ப வேண்டும்.